நொய்யலின் நீல விளக்கு

ஷோ என்று அடித்தால் காட்டும், செட் என்று அடித்தால் மாற்றும். இன்றைக்கு எனக்கு ஷோ மட்டும்தான். எதையும் மாற்ற வேண்டாம் கோகிலா, இருக்கிறதைப் பார்த்து ஒரு நகல் எடுத்து வைத்துவிடு, போதும் என்று ஜெயசீலன் சார் காலையிலேயே சொல்லிவிட்டார். மாற்றுவதற்கு இனிமேல் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, சரி சார் என்றேன். மேனேஜரிடம் கேட்கிற கேள்வியா அது. வேளச்சேரியில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் ஆறிப்போய் ஆடை கட்டின காபி, ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் லாரிக்காரன் குழாயை இழுத்துக்கொண்டு வாட்ச்மேனோடு சண்டை போடுகிறான். நான் பார்த்துக்கொண்டிருக்கும் மெஷின் கோயம்புத்தூரில் இருக்கிறது, எங்கள் மோட்டார் பம்பு கம்பெனியின் ஃபேக்டரியில், சர்வர் ரூமில். அதற்குப் பெயர் நொய்யல். அதற்கு மேல் தட்டில் இருப்பது ஆழியாறு. இரண்டும் ஒரே லாரியில் வந்து இறங்கியவை, ஒரே அச்சு, எதிரில் நின்று பார்த்தால்கூட எது எது என்று தெரியாது. பெயர் வைத்தது தண்டபாணி. ஆத்துலதான் தண்ணியக் காணம், பேராவது ஓடீட்டு இருக்கட்டும் என்றார். இப்போது நொய்யலுக்கு வயதாகிவிட்டது, அதில் இருந்ததையெல்லாம் புது மெஷினுக்கு மாற்றியாகிவிட்டது, பதினொரு மணி டீ முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிப் பழைய சாமான் அறையில் போடப் போகிறார்கள். பிடுங்கப் போகிறவரும் தண்டபாணிதான். போன வைகாசி வரைக்கும் அவர் என் புருஷன்.

சர்வருக்குள்ளே இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது, கன்ட்ரோலர் என்போம். சர்வரையே அணைத்துவிட்டாலும் இது அணையாது, சுவரில் ஒயர் செருகியிருக்கிற வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். நான் இப்போது பேசிக்கொண்டிருப்பது அதனோடுதான், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஒரு வரி நான் அடிக்க பத்து வரி அது சொல்ல. முகவரியைக் காட்டு என்றால் காட்டுகிறது. யார் யார் உள்ளே வரலாம் என்று கேட்டால் இரண்டே பெயர், ஒன்று பொதுவான அட்மின், இன்னொன்று கோகிலா. கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டேன், உங்களுக்கும் ஒரு பேரு போட்டுத் தரட்டா என்று. எனக்கெதுக்கு, எனக்குக் கை இருக்குதல்லொ என்றார். எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கிற மனிதர், நான் தூரத்திலிருந்து அடிக்கிறவள், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். சரி, கடிகாரத்தைக் காட்டு. ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அது இந்தியாவில் இருக்கிறது என்று அதற்கு யாருமே சொல்லவில்லை, அதன் கணக்கில் இப்போதுதான் விடிகிறது. கரண்ட் போய் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் முன்பு இருந்த நிலைக்கே திரும்புவேன் என்கிறது. கொடுத்து வைத்த மெஷின். என்ன நடந்தாலும் குறித்து வைக்கும், ஃபேன் நின்றால், மூடியைத் திறந்தால், சூடு ஏறினால், எல்லாவற்றுக்கும் ஒரு வரி. ஒன்றை மட்டும் குறிக்காது. நீல விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது, அதைக் குறிக்காது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதோ அது ஒன்றுதான். அந்த விளக்கை அவர் பார்த்தாரா? பார்த்தும் கண்டுகொள்ளாமல் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டாரா? இன்றைக்கு ஒயரைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு எனக்கு ஒரு சாக்குகூடக் கிடையாது.

விளக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினின் முன்பக்கம் ஓரத்தில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பொத்தான், அதற்குள்ளேயே நீலமாக எரியும். பின்பக்கமும் அதே மாதிரி ஒன்று. ஒரே மாதிரி மெஷின்களை அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் ஆள் தப்பானதைப் பிடுங்கிவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. நான் இங்கிருந்து ஏற்றினால் அங்கே எரியும், எதிரில் நிற்கிறவர் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அணையும், இங்கே ஷோ என்று அடித்தால் ஆஃப் என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது நாங்கள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என்னைச் சென்னை ஆபீசுக்கு மாற்றினார்கள், சம்பளம் கூட, ரெண்டு வருசம் பார்க்கலாம் அம்மிணி, பொறகு இங்கயே வந்துரு என்று அவர்தான் அனுப்பி வைத்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அங்கே டீ முடிந்து அவர் ரூமுக்குத் திரும்புகிற நேரம், சும்மா விளையாட்டுக்கு நொய்யலின் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷோ அடித்தேன், ஆன். மறுபடி அடித்தேன், ஆன். மறுபடி அடித்தேன், ஆஃப். யாரோ என் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் விரலை வைத்து அழுத்தியிருக்கிறார். போன் பண்ணி என்ன என்று கேட்கவில்லை, மெசேஜ் போடவில்லை, அழுத்திவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணி டீக்கு அப்புறம் நான் ஏற்றுவேன், அவர் அணைப்பார். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. சனி ஞாயிறு ஊருக்குப் போனால்கூட ஒரு வார்த்தை கிடையாது. ஜெயசீலன் சாருக்குத் தெரிந்திருந்தால் கம்பெனி மெஷினில் காதலா என்று மெமோ கொடுத்திருப்பார்.

அடுத்தது டெம்பரேச்சர். முன்பக்கம் உள்ளே போகிற காற்று இருபத்தொன்று. அந்த ரூம் எப்போதும் மார்கழிதான், அவர் ஒரு பழைய பச்சை ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருப்பார், அதில் முழங்கையில் நான் தைத்த ஒட்டு. இப்போதும் மாட்டியிருக்கிறதா, அதைக் காட்டு என்றால் காட்டாது இந்தச் சனியன். சரி அடுத்தது, பவர் சப்ளை, இரண்டும் நல்லது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் இந்த பவர் சப்ளை இரண்டும் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கின்றன, பதிவில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது, நான் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே புரட்டுகிறேன். ஃபேக்டரியில் யுபிஎஸ் மாற்றின நாள். புது யுபிஎஸ் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று மெஷின்களை அடுக்கியிருக்கிற ரேக்கை நகர்த்திச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். அதே நாளில்தான் நான் இங்கே விஜயநகர் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தேன், மூன்றாம் மாசம். வயிறு பிசைந்தது, அப்புறம் பிசையவில்லை, நர்ஸம்மா அழாதீங்க அடுத்த தடவ பாத்துக்கலாம் என்றாள், அடுத்த பஸ்ஸைச் சொல்கிற மாதிரி. போன் பண்ணினேன். சாயங்காலம் கெளம்பீர்றேன் அம்மிணி, மெஷினெல்லாம் நிறுத்திப் போட்டிருக்குது, ஏத்தி விட்டுட்டு வந்தர்றேன் என்றார். ஏற்றி முடிக்க விடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் ஒரு பை மாதுளம்பழத்தோடு வந்தார், கண்ணெல்லாம் சிவந்து, சட்டையில் கிரீஸ். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அன்றைக்கே நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருந்தால் ஒருவேளை அதோடு போயிருக்கும். ஒருவேளை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நான் இப்படித்தான், இந்த எண்ணம் பழைய ஃபேன் மாதிரி ஒரே இடத்தில் உரசிக்கொண்டே சுற்றும். காபியைத் தள்ளி வைத்தேன். அவர் மாதுளையை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டார், நான் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன், கிண்ணம் நிறைந்துவிட்டது, யாரும் சாப்பிடவில்லை.

ஆயுத பூஜை நோம்பிக்கு ஊருக்குப் போனேன். எங்கள் ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி தோற்றுப்போகும், லேத்து, டிரில்லிங் மெஷின், கேன்டீன் கிரைண்டர், எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து மாலை போட்டுப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். சர்வரை நிறுத்த முடியாது, ஓடுகிற மெஷினுக்குத்தான் பொட்டு. விபூதியைத் தூவினாலோ குங்குமத்தைத் தூவினாலோ ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று தண்டபாணி அந்த ரூமில் தூளே ஆகாது என்று சட்டம் போட்டிருந்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஈரமாக அப்ப வேண்டும், அதன் நடுவில் ஒரு துளி குங்குமம். குழைத்துக் கொடுத்தது அவர், வைத்தது நான். ரேக்கைச் சுவரோடு தள்ளியிருந்ததால் இடம் தாராளமாக இருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தேன், ஆழியாறுக்குச் சின்னதாக. நொய்யலிடம் வந்ததும் பின்னாலிருந்து அவர் குரல், "நம்முளுதுக்குப் பெருசா வையி அம்மிணி." நம்முளுது. நாங்கள் அந்த விளக்கைப் பற்றிப் பேசின ஒரே பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று விரலாலும் வழித்துப் பெரிதாக வைத்தேன். அன்றைக்குக் காலையில் எனக்கு அவர் மேல் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை, காலையில் கோபமில்லாதவளுக்குச் சாயங்காலம் எங்கிருந்து வந்தது. வீட்டில் ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், பொரி கடலை தின்றுகொண்டு யாரோ ஒரு அக்கா, ஏஞ்சாமி விசேஷம் ஒன்னுமில்லியா என்று கேட்டாள். ஏதாவது சொல்லுவார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் பொரியைப் பார்த்தார். நான் சொன்னேன், எல்லார் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னேன், "விசேஷத்துக்கென்னங்க்கா, வந்துது. அவருக்கு மெஷின் ஏத்தி விடற வேலை இருந்துச்சு, அது காத்திருக்க மாட்டேன்னு போயிருச்சு." அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ராத்திரி படுக்கையில், நான் நாளைக்கே கிளம்புகிறேன் என்றதற்கு, போறதுன்னாப் போ என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. இந்தத் தடவை சுவர் அவருடைய முறை.

அப்புறம் போன் பண்ண வரவில்லை எனக்கு. விரல் அவர் பெயர் வரைக்கும் போகும், நின்றுவிடும். நான் பண்ணினால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும், அவர் பண்ணினால் அவர் வராதது தப்பு என்று ஆகிவிடும், இரண்டு பேருமே நல்ல வீம்புக்காரர்கள். ஆனால் விளக்கு இருந்ததே. விளக்குக்கு வாய் இல்லை, வாயில்லாததால் கௌரவமும் குறையாது. பதினொரு மணி டீக்கு அப்புறம் ஏற்றினேன். ஷோ. ஆன். ஷோ. ஆன். அன்று சாயங்காலம் வரைக்கும் ஆன். ஆபீசை விட்டுக் கிளம்பும்போது நானே அணைத்தேன். மறுநாள் ஏற்றினேன். அதற்கு மறுநாள். ஒரு நாள் மத்தியானம் ஆஃப் என்று வந்தது, உயிரே வந்துவிட்டது, அப்புறம் பார்த்தால் ரீஸ்டார்ட் ஆனதில் தானாக அணைந்திருக்கிறது. ஆபீஸ் பாத்ரூமில் போய் அன்றைக்கு நான் அழுத அழுகை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தையில் அவர் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று அவர் அம்மா என் அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார்கள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆள் தினமும் அந்த மெஷின் எதிரில் நிற்கிறார், நிற்காமல் முடியாது, அதுதான் அவருக்கு வேலை. கண் முன்னால் நீலமாக எரிகிறது, அழுத்த ஒரு விரல் போதும், அழுத்தவில்லை. இதை விடத் தெளிவாக ஒரு மனிதன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? அதனால்தான் அடுத்த வருஷம் வக்கீலிடமிருந்து பேப்பர் வந்தபோது, யார் முதலில் ஆரம்பித்தது, அவர் மாமாவா என் அண்ணனா, அதைக்கூட நான் விசாரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கோயம்புத்தூர் கோர்ட்டில் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம், அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார், வேண்டாங்க என்றேன். ஜட்ஜம்மா சேர்ந்து வாழ வழியே இல்லையா என்று கேட்டபோது நான் அவர் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிவிட்டது. சர்வர் ரூம் கதவு திறந்தால் ஒரு டிகிரி ஏறும். வந்துவிட்டார். எனக்கு நெஞ்சு அடிக்கிறது, இதென்ன வெட்கங்கெட்ட நெஞ்சு, ஆவணியில் அவருக்குப் பத்து நாள் லீவு என்று ஆபீஸ் காலண்டரிலேயே போட்டிருக்கிறது, பொண்ணு பல்லடம் என்று அக்கவுண்ட்ஸ் செல்வநாயகி எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னாள், எல்லாருக்கும் சொல்லிவிட்டு. ஆடி முடியக் காத்திருக்கிறார்கள். முடியை ஒதுக்கிக்கொண்டேன், போனில் பேசுவதற்கு எதற்கு முடியை ஒதுக்குகிறேன். போன் அடித்தது. "வணக்கமுங்க. ரூம்ல இருக்கறனுங்க." எனக்கும் ங்க போட ஆரம்பித்துவிட்டார், மேடம் என்று சொல்லாமல் விட்டதே பெரிது. "சொல்லுங்க. நகலெல்லாம் எடுத்தாச்சு. சர்வரை நிறுத்தியாச்சு. கீழ்த்தட்டு, நொய்யல். லைட் போடறேன், பார்த்துச் சொன்னீங்கன்னா ஒயர எடுத்தரலாம்." என் குரல் பரவாயில்லை, பேங்கில் கவுன்ட்டர்காரி பேசுகிற மாதிரி இருந்தது. விளக்கைப் பார்க்காமல் ஒயரில் கை வைக்கக் கூடாது என்பது ஜெயசீலன் சார் போட்ட விதி. ஏற்றினேன். ஷோ அடித்தேன். ஆன். "எரியுதுங்களா?" போனில் ஃபேன்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. இப்போது கேட்டுவிடலாமா, அன்றைக்கெல்லாம் ஏன் அணைக்கவில்லை என்று, கேட்டால் என்ன ஆகிவிடும், இனி போவதற்கு எது மிச்சம். "எரியிலீங்க" என்றார். "நல்லாப் பாருங்க, எனக்கு ஆன்னு காட்டுது." "பார்த்துட்டுத்தானுங்க இருக்கறேன். அது போயிருச்சுங்க. ரெண்டு வருசமா எரியறதில்ல." "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன், யோசிப்பதற்கு முன்னால் வாய் கேட்டுவிட்டது. "பார்ப்பனுங்க" என்றார். "டீக்கு அப்பறம்."

எரியறதில்ல. பார்ப்பேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. லாரிக்காரன் கீழே மோட்டாரைப் போட்டுவிட்டான், தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம், நான் ஜன்னலைச் சாத்தினேன். "அப்பப் பின்னாடி ஒன்னு இருக்குதல்லொ, அதப் பார்க்கறனுங்க, எப்படியும் ஒயரு அக்கட்டாலதான்" என்றார். ரேக்கைக் கொஞ்சம் இழுக்கிற சத்தம், தரையில் இரும்பு உரசுகிற சத்தம், அவர் சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் நுழைகிறார், சட்டை உராய்கிறது, மூச்சு வாங்குகிறது, தொப்பை போட்டுவிட்டதா என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம். அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. "எரியுது" என்றார். ங்க இல்லை. "செவுரெல்லாம் நீலமா அடிக்குது." அவர் வெளியே வருகிறார், அவசரமாக வருகிறார், எதிலோ இடித்துக்கொண்டார், முன்பக்கம் வந்துவிட்டார். பிறகு ஒரு சத்தம், கரகரவென்று, அடிப்பிடித்த பாத்திரத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம். விடாமல் சுரண்டுகிறார். எனக்கு அவர் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, என் மூன்று விரலுக்கும் தெரிந்துவிட்டது, ஈரமான சந்தனத்தின் குளிர்ச்சி விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. "சந்தனம்" என்றார். "நோம்பிக்கு வச்சது. அதும்மேல போன நோம்பிக்கும் வச்சிருக்கறாங்க. காஞ்சு கல்லாட்டப் புடிச்சிருக்குது. பொட்டுன்னு யாரும் தொடைக்கல." சுரண்டல் நின்றது. "அடியில எரிஞ்சுட்டு இருக்குது, அம்மிணி."

அம்மிணி. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் வைத்த பொட்டு. பெருசா வையி என்று அவர் சொல்லி நான் வைத்த பொட்டு. முன்விளக்கை நான் மூடினேன், பின்விளக்கைச் சுவர் மூடியது, நடுவில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை, ஆன் என்றால் ஆன்தான், ஆனால் ஆன் என்று காட்டினால் யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை, இத்தனை வருஷம் இந்த வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. "நீ போட்டயா?" என்று கேட்டார். "போட்டேன்." "எப்ப?" "தெனமும். டீக்கு அப்பறம். பேப்பர் வர்ற வரைக்கும்." "எல்லாத்துகிட்டயும் பல்பு போயிருச்சுன்னு சொல்லிட்டனே" என்றார். "நீங்க என்ன நெனச்சீங்க?" "நீ போடறத நிறுத்திட்டயின்னு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை, எனக்குத் தெரியும், அவர் அழுதால் மூக்கைத்தான் உறிஞ்சுவார், சத்தமே வராது, கர்ப்பம் கலைந்த மறுநாள் மாதுளை உரிக்கும்போது அந்தச் சத்தம்தான் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, சளி என்று நினைத்தேன். நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லங்க நீங்க என்றேன். நீயும்தான் என்றார். ஆமாம், நானும்தான். ஒரு போன். ஊரே கையில் போனை வைத்துக்கொண்டு அலைகிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு பருப்பளவு விளக்கை நம்பி உட்கார்ந்திருந்தோம், இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நான் இப்போது ஒரு வார்த்தை சொல்லலாம். வந்தர்றேன் என்று சொல்லலாம், இன்றைக்கே இன்டர்சிட்டியைப் பிடித்தால் ராத்திரிக்குள் போய்விடலாம். அவரும் அதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ, நான் காத்திருந்தது அவர் சொல்வதற்கு. யாரும் சொல்லவில்லை. பல்லடத்தில் ஒரு பெண் இருக்கிறாள், முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் இந்நேரம் யாரோ அவளுக்கு ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் என்ன பாவம் பண்ணினாள். "ஆவணிலீங்களா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார், கொஞ்சம் பொறுத்து, "ஆமாங்க. ஏழாந்தேதி மண்டபம் கெடச்சிருக்குது. நல்ல புள்ளைங்க. அவளுக்கும் ஒன்னு முடிஞ்சு போனதுதான். நொம்பக் கஷ்டப்பட்டிருக்கறா." அவர் குரலில் அந்தப் பெண் மேல் ஏற்கெனவே ஒரு பரிவு வந்துவிட்டிருந்தது, எனக்கு அது கேட்டது, வலித்தது, அவர் அப்படிப்பட்டவர் என்பதால்தானே எனக்கு இவ்வளவு வலி. "அவளுக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா மெஷினப் போட்டுட்டுப் போயிருங்க" என்றேன். "போயிர்றேன்" என்றார். உடனே சொன்னார், தயங்காமல். "நான் ஊருக்கு மாத்தல் கேக்கறதா இருந்தேன் அந்த வருசம்" என்று நான் சொல்ல வந்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன், இதைப் போய் இப்போது அவர் தலையில் வைப்பானேன். ஜெயசீலன் சார் குரூப்பில் முடிந்ததா என்று கேட்டிருக்கிறார், கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி. "சார் கேக்கறாரு" என்றேன். "ம்" என்றார். "அணைச்சிரட்டுமா?" நான் சரி என்று சொல்லவில்லை. ஷோ என்று அடித்து விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன், என்டரைத் தட்டினேன், ஆன். மறுபடி தட்டினேன், ஆன். மறுபடி தட்டினேன். ஆஃப்.

அழுத்திவிட்டார். நான் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஐப்பசியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த பதில், சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, என் முகவரிக்கேதான். "வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துது" என்றேன். "செரி. ஒயர எடுத்தர்றனுங்க." "எடுத்துருங்க." போனை அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, ரேக்குக்குப் பின்னால் அவர் நுழைவது கேட்டது, ஒரு பிளக் கழன்றது, இன்னொரு பிளக் கழன்றது. ஃபேன் சத்தத்தில் ஒரு இழை குறைந்தது. அப்புறம் வச்சர்றனுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கீழே லாரி போய்விட்டது, வாட்ச்மேன் தெருவில் சிந்தின தண்ணீரைப் பெருக்கித் தள்ளுகிறான். முடிந்தது சார் என்று குரூப்பில் போட்டேன். கருப்புத் திரையை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஷோ என்று அடித்தேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடித்தேன்.